மொஸ்காத்தோவுக்குக் காஸ் காணாது

சோடாக் கொம்பனி முதலாளி, என் உயிர் மச்சான் தவராசாவுக்கு,

உன்னுடைய போத்தலைத் திறந்துவிட்டோம். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சுற்றி வளைத்து நலம் விசாரித்துவிட்டு விசயத்துக்கு வந்தால் உனக்குப் பொறுமை இருக்காது. உயிரோடு இருந்தபோதே இருந்ததில்லை.

அந்த இத்தாலிப் போத்தல்தான். பாவுலோ தந்துவிட்டுப் போன இரண்டாவது போத்தல். நீ உடுத்திய பழைய சாரத்தில் சுற்றி என் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் நீ வைத்துவிட்டுப் போனாயே, அது. திறந்தது சரியா பிழையா என்று நீயே சொல். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன், ஊரும் வாசிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் இடைக்கிடை சொல்லத்தான் வேண்டும்.

களுதாவளைக் கடற்கரையில் நமக்கு இருந்தது கொம்பனி என்று பெயர் எழுதிய ஒரு கொட்டில். உள்ளே கையால் சுற்றுகிற மெசின் ஒன்று, காஸ் சிலிண்டர் ஒன்று, வேலைக்கு நாலு பேர். நீ, நான், உன்னைக் கட்டிய என் தங்கச்சி நேசம், என்னைக் கட்டிய உன் தங்கச்சி பவளம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் எதற்கெல்லாமோ சண்டை வந்தது, யார் முதலாளி என்பதற்கு மட்டும் வரவில்லை. காஸ் உன் நாக்கில் இருந்தது. புதிதாக அடைத்த சோடாவில் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, "காஸ் காணாது" என்பாய். அவ்வளவுதான், காஸ் போதாத போத்தல் எல்லாம் திரும்ப மெசினுக்குப் போகும். இஞ்சிச் சோடா மூக்கில் ஏறாவிட்டால் அது வெறும் சீனித்தண்ணீர் என்பது உன் கட்சி.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ சோடாப் பெட்டிகளோடு வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமத்துக்குப் போயிருந்தாய். நான் சந்தைக்குப் போயிருந்தேன். பவளம் உன் மகள் சுகியைக் கூட்டிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். நேசம் மட்டும் கொட்டிலில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளை வாவிப் பக்கத்துப் பற்றைக்குள் கண்டெடுத்தோம். நான் தூக்கினேன், நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

அன்றைக்கு மூடிய வாயை நீ மாதக்கணக்கில் திறக்கவில்லை. முகாமில் சோறு தந்தால் தின்றாய், படு என்றால் படுத்தாய். "மாமா, அப்பா இனிப் பேசவே மாட்டாரா?" என்று சுகி என்னிடம் கேட்டாள். தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? பேசுவார், பேசுவார் என்றேன். எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை. தங்கச்சியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன், மச்சானையும் கொடுக்க நான் தயாராக இல்லை. உன் பக்கத்தில் இருந்து உன்னைக் கிண்டல் பண்ணிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன். நீ கடலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் பாவுலோ வந்தான். உப்பேறிய கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க வந்த இத்தாலிக்காரன். அவர்கள் வீட்டில் முந்திரிகைத் தோட்டம், அதுதான் திராட்சைத் தோட்டம், இருந்ததாம். அந்தப் பழத்தில் செய்கிற வைன் என்று ஒரு பின்னேரம் முகாமில் நாம் இருந்த தகரக் கொட்டிலுக்கு ஒரு போத்தலைக் கொண்டு வந்தான். மொஸ்காத்தோ என்றான். மீன் பெட்டியில் இருந்த ஐஸ் வாங்கி வாளிக்குள் போட்டுக் குளிரவைத்து, பிளாஸ்டிக் கோப்பைகளில் ஊற்றினான். இளநீரில் ஒரு சொட்டுத் தேன் விட்ட நிறம். சின்னச் சின்னக் குமிழி அடியிலிருந்து சோம்பலாக ஏறியது. எனக்கு முதல் வாயிலேயே பிடித்துவிட்டது. விடியற்காலைக் கள்ளுப்போல மெல்லிய பொங்கல், பிறகு நல்ல இனிப்பு, பிறகு பூ வாசம்.

உன் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்தேன். நீ குடித்தாய். கண்ணை மூடினாய்.

"காஸ் காணாது" என்றாய்.

பவளம் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். சுகி ஓடிவந்து உன் சாரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் விளங்காத பாவுலோ, என்ன நடந்தது, வைன் கெட்டுப்போய்விட்டதா என்று என்னிடம் கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் விசயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான். இது அப்படித்தான், காஸ் கூடினால் பழத்தின் வாசம் தெரியாது என்றான். அதை உனக்குச் சொன்னேன்.

"வாசம் வேணுமெண்டா பழத்தத் தின்னச் சொல்லுடா. போத்தலுக்குள்ள என்னத்துக்கு அடைச்சவன்?" என்றாய்.

அந்தக் குரலை மறுபடி கேட்க நான் என்னவெல்லாம் நேர்ந்து வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? பிறகு நீ விடவில்லை. சிலிண்டரை எவ்வளவு திறக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு குளிர வேண்டும் என்று அவனுக்கு வகுப்பே எடுத்தாய். மொழிபெயர்த்து என் தொண்டை வற்றியது. "சீனி மட்டும் சரியாப் போட்டிருக்கான்" என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டாய். சீனியே போடுவதில்லை, எல்லாம் பழத்தின் இனிப்பு என்று அவன் சொன்னதை நீ கடைசிவரை நம்பவில்லை. இவ்வளவு குறை சொன்ன ஆள், நாலாம் தரம் கோப்பையை நீட்டியது ஏன்? பிடித்திருந்தது மச்சான், எனக்கு ஒளிக்காதே.

ஊருக்குத் திரும்பும்போது அவன் இன்னொரு போத்தலை உன்னிடம் தந்தான். "இத இப்ப தொடப்படா. சண்ட முடியட்டும், ரெண்டு பேரும் இருந்து குடிப்பம்" என்று சொல்லிவிட்டாய். காஸைப் பற்றி இத்தாலிக்காரனுக்கே பாடம் எடுத்தவன், காஸ் உள்ள போத்தலை வருசக்கணக்கில் அடைத்து வைக்கலாமா என்று ஒரு தரமாவது யோசித்தாயா? இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டையோ முடிகிற பக்கம் போகாமல் இன்னும் மூண்டது. அது முடிவதற்கு முந்தின வருசம், நெஞ்சு நோகிறது என்று சொன்ன நீ, ஆசுபத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். டவுன் பக்கம் பட்டாசுச் சத்தம் கேட்டது. பவளம் வானொலியை நிற்பாட்டினாள். வன்னியில் இருந்த உங்கள் சின்னம்மா குடும்பம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நாள் அது. அலுமாரிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. சண்டை முடியட்டும் என்று மட்டும்தான் நீ சொன்னாய். முடிந்ததை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று சொல்லாமல் போய்விட்டாய். அதற்குப் பிறகும் சில வருசம் நான் காத்திருந்தேன். நீ இல்லாமல் திறந்தால் நீ செத்துப்போனதை நானே ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் என்று பயந்தேன்.

போன கிழமை சுகி வாழைச்சேனைக்குப் போனாள். அங்கே ஒரு பழைய சோடா மெசின், கடல் கொண்டுபோன நம்முடையது போல ஒன்று, விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தனியாக பஸ் ஏறிப் போனாள். ஓம், உன் காதில் விழுந்தது சரிதான். உன் மகள்தான். பின்னேரம் திரும்பி வந்தவள் மெசினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மாமா, ஒரு இடத்திலயும் பஸ்ஸ விட்டு இறக்கல்ல" என்றாள். "போகக்குள்ளயும் இல்ல, வரக்குள்ளயும் இல்ல. ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல."

அவள் கையில் அடையாள அட்டை இருந்தது. போக வர முழுவதும் அதைப் பிடித்தபடியே இருந்திருக்கிறாள், வியர்வையில் நனைந்துபோயிருந்தது. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, வரிசையில் நடந்து, பை திறந்து காட்டி வளர்ந்த பிள்ளை அல்லவா? அட்டையை மேசையில் வைத்துவிட்டு நேரே அலுமாரிக்குப் போனாள்.

"புள்ள, அது அப்பா நாள் பார்த்து வெச்சது" என்றேன்.

"இதவிட என்ன நாள் மாமா வரப்போகுது?" என்றாள்.

மீன்காரனிடம் ஐஸ் வாங்கப் போனேன்.

தக்கையில் திருகாணியை ஏற்றி, குறட்டால் இழுத்துத் திறந்தேன். "பொம்புளப்புள்ளைக்கு வைனா? ஊர் என்ன கதைக்கும்?" என்று ஏசிக்கொண்டே பவளம் மூன்று கிளாஸ் கழுவி வந்தாள். பிறகு திரும்பிப் போய் உனக்கும் ஒன்று கொண்டு வந்தாள். ஊற்றினேன். நிறம் பால் விடாத வெறும் தேத்தண்ணி நிறத்துக்குப் போயிருந்தது. விளிம்பில் நாலு குமிழி வந்து நின்றுவிட்டது. ஆனால் குடித்துப் பார்த்தால், மச்சான், பழுதாகவே இல்லை. தேனும் உலர்ந்த முந்திரிகையும் சேர்ந்த இனிப்பு, நாக்கை விட்டுப் போக மனமில்லாமல் நின்றது. நான் ரசித்துக் குடித்தேன். நீ இல்லாமல் ரசித்தேன் என்பதற்காக வெட்கப்படவும் இல்லை.

சுகி ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடினாள்.

"காஸ் காணாது மாமா."

பவளமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இந்த முறை பவளம் அழவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான்தான் அழுதேன். உன் படத்துக்கு முன்னால் வைத்த கிளாஸைக் கொஞ்ச நேரத்தில் சுகி எடுத்துவிட்டாள். "அப்பாட பங்கு எனக்குத்தான்" என்று அதையும் குடித்து முடித்தாள்.

மெசின் வருகிற கிழமை வருகிறது. கொட்டிலை இந்த முறை கடலுக்குக் கிட்டப் போடவில்லை, ரோட்டுக்கு மேற்கே போடுகிறோம். இஞ்சிச் சோடாவுக்குக் கொஞ்சம் காஸ் குறைத்தால் இஞ்சி வாசம் தெரியும் என்று சுகி சொல்கிறாள். பாவுலோவின் கட்சி! மூக்கில் ஏறத்தான் வேண்டும் என்று உனக்காக நான் ஒற்றை ஆளாக நின்று வாதாடுகிறேன்.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணித் தருகிறேன். முதல் நாள் அடைக்கிற சோடாவில் உனக்கென்று ஒரு போத்தல் எடுத்து வைப்பேன். பொழுது சாய்வதற்குள் நானே குடித்தும் விடுவேன். கோபிக்காதே, காஸ் காத்திருக்காது.

உன் நேசத்தின் அண்ணன், உன் தங்கச்சியின் புருசன்,
மச்சான் குணரெட்ணம்