வியன்னாவுக்கு ஒரு ஓட்டு

ரவுண்ட் ராக், டெக்சாஸ்

அன்புள்ள அம்மாவுக்கு இளமாறன் எழுதறேன். அப்பாவுக்குக் கால்வீக்கம் வடிஞ்சிருச்சா? நானும் பிரீத்தியும் சௌக்கியம்.

நாலு நாள் லீவுல ஐரோப்பாவுல எந்த ஊருக்குப் போகலாம்னு ஆபீஸ் நண்பர்களைக் கேக்க நெனச்சு, ஓட்டெடுப்பை நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டுட்டேன். நான் அழிக்கறதுக்குள்ள நீ வியன்னாவுக்கு ஓட்டுப் போட்டுட்ட. "குளிருமாம்பா, மப்ளர் எடுத்துக்க"ன்னும் எழுதியிருந்த.

போன மாசம் உங்க அறுபதாம் கல்யாணத்துக்கு லீவே கெடைக்கலன்னு சொன்னவன் நான். அதைப் பத்தி நீ ஒரு வார்த்தை கேக்கல. போன்ல பேச வெக்கமா இருக்கும்மா.

இட்லிப் பொடிக்கு உளுந்து எவ்வளவு போடணும்? நான் வறுத்தா கருகிடுது.

ஆபீசுக்கு நேரமாச்சு. மேப்ல பாத்தேன். வியன்னா போனா, நம்ம வீட்டுக்குப் பாதி வழிக்கு மேல வந்த மாதிரி.

இளமாறன்