ஆர்லன் க்ரூகரின் கேம்ஷாஃப்ட்

ஆகஸ்ட் 27, 1996, செவ்வாய்

நான் வேலை செய்யும் இஞ்சின் கடையில் இன்று நாலு சிலிண்டர் ஹெட் பழுது பார்த்தேன். முதுகு பிளக்கிறது.

வரும் ஞாயிறு கெட்டில் க்ரீக் மண் தடத்தில் இந்த வருஷத்தின் கடைசிக் கார் பந்தயம். கம்பெனி பாகங்களை மாற்றாமல் ஓட்ட வேண்டிய 'கம்பெனி இஞ்சின்' பிரிவில், புள்ளிப் பட்டியலில் ஆர்லன் க்ரூகர் முன்னால் இருக்கிறான். என் தம்பி வெர்ன் நாலே புள்ளி பின்னால். ஜெயிக்கிற வண்டியைப் பிரித்துச் சோதிப்பது நான். பதினோரு வருஷமாகச் செய்கிறேன். தம்பி இவ்வளவு கிட்டே வந்தது இதுதான் முதல் தடவை. தடத்தின் சொந்தக்காரர் டெல்மரிடம், "இந்த ஒரு வாரம் வேற ஆளைப் போடுங்களேன்" என்றேன்.

"உன்னை விட்டா மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல யாரு, ரோசலி?"

பெருமையாகத்தான் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆர்லன் ஜெயித்தான். வெர்ன் இரண்டாவது.

விதிப்படி ஆர்லனின் இஞ்சினைப் பிரித்தேன். கேம்ஷாஃப்டை — வால்வுகளைத் தூக்கும் மேடுகள் கொண்ட தண்டு, நாங்கள் கேம் என்போம் — உருவி, துடைத்து, மேசையில் வைத்தேன். இந்த இஞ்சினுக்குக் கம்பெனி போட்ட கேம் என்றால் மேடுகளுக்கு நடுவே வார்ப்பிலேயே எழுத்துகள் புடைத்திருக்கும். இதிலும் இருந்தன, ஆனால் கம்பெனி அளவுகள் போட்ட என் புத்தகத்தில் இல்லாத எழுத்துகள். முனையில் கையால் குத்தினாற்போல் ஒரு எண். வெளியில் கேம் கடைந்து விற்கிறவர்கள்தான் அப்படிக் குத்துவார்கள். அளந்தேன். எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கும் மேடுகள் புத்தக அளவைவிட உயரம். மயிரிழைதான், ஆனால் எட்டிலும் ஒரே அளவு. தேய்மானம் உயரத்தைக் குறைக்கும், கூட்டாது. மேடு உயர்ந்தால் இஞ்சினுக்கு வலு கூடும்.

ஆர்லன் பக்கத்திலேயே நின்றான். "அது பழைய லாரி இஞ்சின், ரோசலி. காயலான் கடைல வாங்கினது. கேமை நான் தொடவே இல்ல."

"புத்தகத்துல இல்லையே, ஆர்லன்."

"புத்தகம் காருக்கு. இது லாரிங்கறேன்."

டெல்மர் கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் சொல்லும்மா. சனம் வெயில்ல நிக்குது."

சொன்னேன். வெளிக் கேம். ஆர்லனின் வெற்றி ரத்து. இரண்டு வருஷம் தடை. கோப்பை வெர்னுக்கு.

ஆர்லனின் மனைவி லோர்னா அழவில்லை, திட்டவில்லை. பிரித்துப் போட்ட போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு காபி டப்பாவில் போட்டாள்.

செப்டம்பர் 3

நாளைக்குச் சொல்கிறேன் என்று ஏன் சொல்லவில்லை? டெ மோயின் நகரில் கேம் கடைகிறவர்களுக்கு ஒரு போன் போட்டு, அந்த எண் அவர்களுடையதா என்று கேட்டிருக்கலாம். இரண்டே நிமிஷம்.

அளந்தது சரிதான். சரிதான்.

அக்டோபர் 12

தீவனக் கடையில் ஆர்லனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் — 'கேம்கள்ளன்'. அவன் உள்ளே வந்ததும் ஒருவன், "பாத்து, கல்லாப்பெட்டியை மூடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

நவம்பர் 17

சர்ச்சில் காபிக்கு லோர்னா வரவில்லை. ஆர்லன் வண்டியை விற்றுவிட்டானாம்.

ஜனவரி 14, 1997, செவ்வாய்

எழுதிவிட வேண்டும்.

தீவன ஆலையின் பழைய லாரி இஞ்சின் ஒன்று கடைக்கு வந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரே சொந்தக்காரர்கள், யாரும் திறந்ததில்லை. தொழிற்சாலையில் மூடிக்கு அடியில் போட்ட கேஸ்கெட் அப்படியே ஒட்டிக் கிடந்தது, சுரண்டித்தான் எடுத்தேன். கேமை உருவினேன். அதே எழுத்துகள். முனையில் அதே எண், அதே கைக்குத்து.

அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் அதே மயிரிழை உயரம்.

பெரிய லாரிகளுக்குக் கம்பெனியே போட்ட கேம். என் புத்தகத்தில் அந்த லாரி இல்லை, அவ்வளவுதான். ஆர்லன் இதைத்தானே சொன்னான்? வார்த்தைக்கு வார்த்தை இதைத்தானே சொன்னான்?

ஜனவரி 19, ஞாயிறு

வெர்ன் வீட்டுக்குப் போனேன். கோப்பை டிவி மேல் இருந்தது. சொன்னேன். அவன் உருளைக்கிழங்கு தோல் சீவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"லாரி டீலர்கிட்ட ஆறு வருஷம் வேலை பாத்தேனே, மறந்துட்டியா? அந்த கேமை அம்பது தடவை மாத்தியிருப்பேன். நீ மேசைல வெச்சப்பவே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கல."

பிறகு, அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டு: "சோதிச்சது நீ. முடிவு சொன்னது நீ. என்னைப் பாக்காத."

சாப்பிடாமல் வந்துவிட்டேன். இவனுக்கு நான் ஷூ லேஸ் கட்டிவிட்டிருக்கிறேன். இவன் ஜெயிக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குள்ளேயும் இருந்ததா? அந்த மேசையில்? இருந்தது. இல்லை என்று இங்கேகூட எழுத முடியவில்லை.

பிப்ரவரி 2

ஆர்லன் வீடு. உள்ளே கூப்பிடவில்லை. வாசல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டான்.

"அப்ப நான் பொய் சொல்லலை."

"இல்ல."

"அதை எங்கிட்ட சொல்ல வந்தீங்களா? அது எனக்கு முன்னாடியே தெரியுமே." குரலை உயர்த்தவில்லை. "தீவனக் கடைல போய்ச் சொல்லுங்க. எம் பொண்ணு ஸ்கூல் பஸ்ல போய்ச் சொல்லுங்க."

உள்கதவைச் சாத்தவும் இல்லை. நான் திரும்பும்வரை நின்றான்.

பிப்ரவரி 5

தீவனக் கடையில் சொன்னேன். அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள். ஒருவன், "அஞ்சு மாசம் கழிச்சா?" என்றான். இன்னொருவன் என் பூட்ஸைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மே 4, ஞாயிறு

இந்த வருஷப் பந்தயங்கள் தொடங்குமுன் ஓட்டுநர் கூட்டம். டெல்மர் மைக்கைத் தரவில்லை. "முடிஞ்ச கதையைக் கிளறாத ரோசலி. தப்பா சோதிச்ச தடம்னு பேர் வந்தா எவன் வருவான்?"

மைக் இல்லாமலே ஒரு டயர் மேல் ஏறி நின்று, எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். கேம் கம்பெனியுடையது, தப்பு என்னுடையது, வெற்றி ஆர்லன் க்ரூகருடையது. வெர்ன் தெரிந்தும் சொல்லாததையும் எழுதி வைத்திருந்தேன். அந்த வரிக்கு வந்தபோது அவன் முன்வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். படித்தேன்.

மைக்ரோமீட்டர் பெட்டியை டெல்மர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். தடத்து வாசல்வரை யாரும் கூட வரவில்லை.

மே 20

டெல்மர் தடையை நீக்கிவிட்டார். ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகையில் வெர்ன் பெயரைச் சுரண்டியாயிற்று. ஆர்லன் பெயரை எழுதவில்லை. 1996-க்கு நேரே வெறும் பலகை. "ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்" என்றாராம்.

ஜூன் 8, ஞாயிறு

தெற்குக் காற்று. சோள வயல் தாண்டித் தடத்தின் சத்தம் சமையலறைவரை வருகிறது. பாத்திரம் கழுவிக்கொண்டே எண்ணினேன், பதினெட்டு வண்டி இருக்கும். வெர்னின் இஞ்சின் எதுவென்று காதுக்கே தெரிகிறது. மூன்றாவது கியரில் கொஞ்சம் இருமும். ஆர்லனின் இஞ்சின் சத்தம் அதில் இல்லை.

ஐந்தாவது சுற்றில் ஜன்னலைச் சாத்தினேன்.