தறிக்குழி மேசை

6-2-1994
இன்றும் முறத்தைக் கவிழ்த்து, மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். முறம் ஆடுகிறது. எழுத்தும் ஆடுகிறது. ஆடட்டுமே! ஜெகநாதன் என்று நானே எழுதி, நானே படித்து, நானே சிரித்துக்கொள்கிறேன். இந்த வயதில் இப்படி ஒரு ருசி.

என் வீட்டுக்காரி செல்லியம்மாள் மட்டும் அறிவொளி வகுப்புக்கு வர மாட்டேன் என்கிறாள். "நீங்க படிச்சிகினு வந்து எனக்குச் சொல்லுங்க, போதும்." எப்படிப் போதும்? அவள் நூல் இழைத்தாள், நான் நெய்தேன். தனியாக எதுவும் செய்ததில்லை. இதை மட்டும் நான் தனியாகத் தின்பதா?

9-2-1994
வகுப்பு எடுக்கும் லீலா டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டது. அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. "முட்டி மடங்கலம்மா. பள்ளிக்கூடத்துத் தரையில உக்காந்தா என்னைத் தூக்க நாலு ஆளு வேணும். ஊரே சிரிக்கும்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான்தான் கேட்கவில்லையோ?

10-2-1994
கண்ணுக்கு ஜரிகை தெரியாமல் போனதும் தறியைக் கொடுத்துவிட்டோம். நெய்யும்போது காலைத் தொங்கவிடும் குழி மட்டும் அப்படியே இருக்கிறது, வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம். இன்று பார்க்கிறேன் – செல்லி குழி விளிம்பில் உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டு, வெங்காயம் உரிக்கிறாள். முட்டி மடங்கவே வேண்டாம்!

அவளுக்கு முன்னால், நெய்த சேலையைச் சுருட்டும் படமரம் இருந்த உயரத்துக்கு, ஒரு பலகை இருந்தால்?

13-2-1994
மரப்பலகை வைத்தால் கரையான் தின்றுவிடும். எதிரில் வீடு கட்டும் சேவூர் மேஸ்திரி மாணிக்கவேலிடம் கேட்டேன். "கான்கிரீட்ல போட்டுக்க மாமா. உன் பேரன் காலத்துக்கும் இருக்கும்" என்றான். மிச்ச சிமெண்டு, ஜல்லி, மணல் எல்லாம் தந்தான். செல்லியிடம் என் எழுத்து வேலைக்கு என்றேன். பாதிதான் பொய்.

20-2-1994
வாசலில் நாலு கட்டை அடித்துச் சட்டம் செய்து பலகை போட்டாயிற்று. கலவை கொட்டுமுன் உள்ளே கம்பி கட்டச் சொன்னான் மேஸ்திரி. நான் கட்டுக்கம்பியைப் பாவு மாதிரி நீட்டி, ஊடை மாதிரி குறுக்கே ஒன்று விட்டு ஒன்று கோத்தேன். மாணிக்கவேல் இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். "கம்பி கட்டுன்னா சேலை நெய்ஞ்சி வச்சிகிறியே மாமா! முந்தி எங்க?"

கலவையைக் கொட்டி மட்டம் பார்த்துவிட்டு, போளூர் வேலைக்கு என்று கிளம்பிவிட்டான்.

22-2-1994
நல்ல வெயில். ஈரம்தானே பகை? மழை நாளில் பட்டு தொய்ந்து எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருப்போம். கஞ்சி போட்ட பாவைத் தெருவில் காயவிடுவது போல, பலகை நன்றாகக் காயட்டும். நிழல் விழாமல் இருக்கப் பந்தல் ஓலையைக்கூட விலக்கிவிட்டேன்.

24-2-1994
போச்சு. நடுவுல விரிசல். தூக்கினா ரெண்டா வந்துச்சி. சேலை மாதிரி நெய்ஞ்ச கம்பி மட்டும் பிடிச்சிகினு தொங்குது. இன்னாடா ஜெகநாதா – இத்தினி வயசாகியும் –

மாணிக்கவேல் திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டான். "சிமெண்டைக் காய வச்சியா? தண்ணி ஊத்தி ஊத்தி ஊற வைக்கணும் மாமா! அதையும் ஒரு ஆளு சொல்லணுமா?" எனக்கு யார் சொன்னார்கள்? நனைத்தால் உறுதி ஆகும் என்று எந்த நெசவாளி நம்புவான்?

25-2-1994
எழுத மனசில்லை.

27-2-1994
மறுபடி போட்டாயிற்று. மேலே ஈரச் சாக்கு. செல்லிதான் முதல் குடம் ஊற்றினாள். "உங்களை நம்பினா இதையும் வத்தல் போட்டுருவீங்க" என்றாள். எனக்கு ஊற்ற விடவே இல்லை.

3-3-1994
இன்றும் அவள்தான் ஊற்றினாள். முருங்கைச் செடிக்கு மறந்துவிட்டாள், பலகைக்கு மறக்கவில்லை.

8-3-1994
சட்டத்தைக் கழற்றினோம். விரிசல் இல்லை! கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினேன். ஆகிவிட்டது என்றேன். செல்லி உள்ளே போய் ஒரு பிடி பட்டுக் கழிவு நூலைக் கொண்டுவந்து, பலகை மேல் வைத்து இழுத்தாள். ஓரத்தில் சிக்கியது. "இன்னும் தேயுங்க." தேய்த்தேன். மறுபடி சிக்கியது. "தேயுங்க." சாயங்காலம் நூல் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போனது. அவள் காபி போட்டுக் கொடுத்தாள்.

9-3-1994
மாணிக்கவேலும் அவன் ஆட்களும் தூக்கி வந்து, குழிக்கு இரு பக்கமும் செங்கல் வைத்து, மேலே உட்காரவைத்தார்கள். தூக்கும்போது அவன் என்னைத் திட்டியதை எழுத மாட்டேன். இனி அவளை எழுதக் கூப்பிட வேண்டும். பயமாக இருக்கிறது. முட்டி என்ற சாக்கு போய்விட்டது. இப்போதும் 'வேண்டாம்' என்றால், அது முட்டி சொல்லும் 'வேண்டாம்' இல்லை.

11-3-1994
மேசையில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். கூப்பிடாமலே வாசலுக்குப் போய்விட்டேன்.

14-3-1994
பூண்டுத் தோலுக்குப் பக்கத்தில் என் பலப்பத்தை மறந்தது போல வைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தேன். பலகையில் ஒரு வட்டம், பக்கத்தில் இன்னொரு வட்டம். ராட்டை சுற்றிய கை அல்லவா? வகுப்பில் முதல் நாள் நான் போட்ட வட்டத்தைவிட நன்றாக இருந்தது.

"யாரு கிறுக்கினது?" என்றேன்.

"பூனை" என்றாள்.

2-4-1994
லீலா டீச்சர் இப்போது வாரத்தில் இரண்டு நாள் நம் வீட்டுக்கே வருகிறது. இன்று நான் எழுதலாம் என்று போனேன். குழியில் ஒரு ஆளுக்குத்தான் இடம்; அதில் செல்லி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பின்னால் நின்றேன்.

"வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்றாள், தலை நிமிராமல்.

முறத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆடுகிறது.