பெட்டி அளக்கும் கோல்

18 ஜனவரி 1971

விடியலில் உறைபனி. கட்டபெட்டு ஃபேக்டரிக்குத் தேயிலை அடைக்க இருநூறு மர டீப்பெட்டி ஏற்றி அனுப்பிவிட்டு, என் நாய் லில்லியைக் கூட்டிக்கொண்டு ஜூடித் அம்மா வீட்டுக்குப் போனேன். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மலையில் கலப்பில்லாத விப்பெட் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். ஒடிசலான சின்ன நாய், ஓடுவதற்கென்றே பிறந்த சாதி. லில்லியும் அங்கே வாங்கியதுதான்.

அவருடைய டியூக்கோடு லில்லியைச் சேர்த்தாயிற்று. பிறக்கப்போகும் குட்டிகளுக்குத் தகப்பன் டியூக் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “குட்டி பிறக்கட்டும்னு சொல்வேன் மத்தவங்களுக்கு. உங்களுக்கு என்ன, மிஸ்டர் ஆறுக்குட்டி!” என்று சிரித்தார்.

அந்தக் காகிதம் இல்லாமல் மே மாதப் பந்தயத்தில் நாயைச் சேர்க்க மாட்டார்கள். இரண்டு வருஷமாக உருளைக்கிழங்கு மண்டி மருதாசலத்தின் நாய்தான் கோப்பை வாங்குகிறது. போன முறை எல்லார் முன்னாலும் சொன்னான்: “ஏனுங்க ஆறுக்குட்டியண்ணா, எங்குளுது பாதி வழில நின்னு ஒண்ணுக்கு இருந்துட்டு வந்தாலும் உங்குளுத முந்திக்குமாட்டத் தெரியுது!”

இன்னும் காதில் இருக்கிறது.

20 ஜனவரி

கோயமுத்தூர் போய் வந்தேன். லில்லியையும் கொண்டுபோனேன். மில் முதலாளி ஒருவர் பங்களாவில் கிரேஹவுண்ட் இருக்கிறது. விப்பெட்டைப் போலவே வாகு, எடையில் மட்டும் இரண்டு மடங்கு. காவல்காரனைச் சரிக்கட்டினேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

டியூக் ரத்தத்தில் ஓட்டம் போதாது. இது கலந்தால் வரும். வியாபாரத்தில் எத்தனை கலப்பு பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரி பங்கஜத்திடம் மட்டும் சொன்னேன். அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். “ஏனுங்க, இத்தினியூண்டு புள்ள இது. அத்தாம்பெரிய நாயோட குட்டி இது வயித்துல எப்படீங்க கொள்ளும்?”

பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். எழுதும்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

23 மார்ச்

காலை ஆறு மணிக்கு வலி கண்டது. பத்து மணியாகியும் ஒன்றும் வரவில்லை. நாய்களைப் பார்த்துக்கொள்ளும் மூக்கம்மா, கண்டித் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள், வயிற்றைத் தடவிப் பார்த்தாள். “தல பெருசாக் கெடக்கு மொதலாளி. டாக்டர் ஐயாவக் கூட்டியாங்க.”

மிருக டாக்டர் பந்தயக் கமிட்டியிலும் இருக்கிறார். குட்டியின் தலையைப் பார்த்தால் போதும், தகப்பன் எது என்று கேட்டுவிடுவார். பொறு என்றேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் கேட்டாள். பொறு என்றேன்.

நான்கில் மூன்று செத்தே வந்தன. கடைசியில் ஒன்று உயிரோடு. லில்லி அதை ஒரு தரம் நக்கியது. பிறகு தலையைத் தூக்கவில்லை.

டாக்டர் வந்திருந்தால்?

24 மார்ச்

கடை திறந்தேன். லில்லியைப் புதைத்த இடத்தில் பங்கஜம் ஒரு கல் வைத்திருக்கிறாள்.

2 செப்டம்பர்

அந்த ஒற்றைக் குட்டியை ஆட்டுப்பாலில் வளர்த்துவிட்டாள் மூக்கம்மா. கம்பி என்று பெயரும் வைத்துவிட்டாள். பேருக்கேற்ற உடம்பு. ரேஸ் கோர்ஸ் மேட்டில் அவள் கந்தல் துணியை ஆட்டிக் கூப்பிட்டாள். இருநூறு கஜத்தை அவன் கடந்ததை என் கண் முழுசாகப் பிடிக்கவில்லை. இப்படி ஓர் ஓட்டத்தை இந்த மலை பார்த்ததில்லை.

ஆனால் உயரம். தோள்வரை இருபத்தொரு அங்குலத்துக்கு மேல் போனால் விப்பெட் இல்லை, பந்தயமும் இல்லை. ஐந்து மாதத்திலேயே இருபது. ஒருவேளை டியூக்கின் குட்டிதானோ என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

சாப்பாட்டைப் பாதியாக்கச் சொன்னேன்.

“வயித்தக் காயப்போட்டா எலும்பு வளராம நிக்குமா மொதலாளி? தோட்டத்து லயத்து வீட்டுல நாங்க காயாத வயிறா? எம்புள்ளைக எல்லாம் நெட்டையாத்தானே நிக்குதுக.”

சொன்னதைச் செய் என்றேன்.

30 நவம்பர்

விலா எலும்பை எண்ணலாம். உயரம் இருபத்திரண்டு. மூக்கம்மா சொன்னதுதான் சரி.

வேறு வழி கண்டுபிடித்தேன். கடையில் டீப்பெட்டி அளக்கும் மரக்கோலுக்கு வெள்ளை அடித்தேன். கமிட்டியின் அளவுகோலும் வெள்ளைதான். கோலைத் தோள்மேல் வைத்து அழுத்துவது. தாழ்ந்தால் ஒரு துண்டு ஈரல். நிமிர்ந்தால் அதே கோலால் ஓர் அடி. பசித்த நாய், சீக்கிரம் படித்துக்கொள்ளும்.

11 டிசம்பர்

படித்துக்கொண்டது. கோலைத் தொடக்கூட வேண்டாம், கையில் எடுத்தாலே நாலு காலையும் மடக்கித் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. இத்தனை வேண்டாம், கொஞ்சம் தாழ்ந்தால் போதும். அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மூக்கம்மா அந்த நேரம் வெளியே போய்விடுகிறாள்.

6 பிப்ரவரி 1972

ஜூடித் அம்மா வந்தார். கம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “டியூக் ஜாடை எங்கேயும் தெரியலையே.”

“தாயார் ஜாடையக் கொண்டு வந்திருக்குதுங்க.”

“லில்லிக்கும் இவ்வளவு நீள முகம் இல்லை.” கையை எடுத்துக்கொண்டார். “சரி. நீங்க சொன்னா சரி.”

காபி குடிக்காமல் போனார்.

20 மே

எழுதிவிடுகிறேன்.

காலையெல்லாம் தூறல். உயரம் அளக்கும்போது டாக்டர் வெள்ளைக்கோலை நீட்டினார், கம்பி தாழ்ந்தான். நான் வயிற்றுக்கடியில் கை கொடுத்து வேண்டிய அளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். “இருபத்தொண்ணு, சரியா இருக்கு” என்று எழுதிக்கொண்டார். மருதாசலம் பக்கத்தில் வந்து, “நாய்ங்களா, கன்னுக்குட்டிங்களா? பால் கறக்குமுங்களா?” என்றான். ஓடும்போது பார் என்றேன்.

பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். ஆறு நாய்கள், பாதி வழியிலேயே கம்பி நாலு நாய் நீளம் முன்னால். எல்லைக்கு அப்பால் மூக்கம்மா துணியை ஆட்டி அலறுகிறாள், “வா ராசா, வா ராசா!” மருதாசலம் வாயைத் திறக்கவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இத்தனையும்.

எல்லைக்கோட்டில் கமிட்டிக் காரியதரிசி கொடி பிடிப்பது வழக்கம். மழையில் நனைந்து கொடி சுருண்டுவிட்டதாம். கைக்குக் கிடைத்ததை எடுத்து நீட்டினார் — உயரம் அளந்த வெள்ளைக்கோல்.

கம்பி அதைப் பார்த்தான்.

அந்த வேகத்தில் நாலு காலையும் மடக்கினான். சுள்ளி ஒடிகிற சத்தம். மூன்று குட்டிக்கரணம் போட்டு அவர் காலடியில் போய் விழுந்தான். முன்னங்கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அந்த நிலையிலும் தலையைத் தூக்கவில்லை. கோலுக்குக் கீழே தரையோடு தரையாகக் கிடந்தான்.

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

டாக்டருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கோலைத் தூர எறிந்துவிட்டு, படுத்தவாக்கிலேயே நாடாவால் அளந்தார். இருபத்திரண்டே கால். “ஈரல் குடுத்துப் பழக்கினீங்களா, அடிச்சா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூடித் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அழவில்லை. “நான் கையெழுத்துப் போட்டேனே” என்றார். அவ்வளவுதான்.

22 மே

ஒடிந்த முன்னங்காலை எடுத்துவிட்டார்கள். எலும்பில் சத்தே இல்லை, கோல் இல்லாவிட்டாலும் அடுத்த ஓட்டத்திலோ அதற்கடுத்ததிலோ ஒடிந்திருக்கும் என்கிறார் டாக்டர். ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டார். மூக்கம்மா நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

9 ஜூன்

கமிட்டி முடிவு வந்தது. என் நாய்களுக்கு மூன்று வருஷம் தடை. ஜூடித் அம்மா கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதமும் இனிச் செல்லாது. தெரிந்தே போட்டார் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

அவருக்கு ஒன்றும் தெரியாது, நான் ஏமாற்றினேன் என்று கமிட்டிக்குக் கடுதாசி எழுதினேன். கமிட்டியில் நாலு பேர் எஸ்டேட் மேனேஜர்கள். நாலு பேரும் என்னிடம் பெட்டி வாங்குகிறவர்கள். நாய் ஜாதகத்தில் மோசடி செய்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால் பெட்டிப் பலகையையும் சந்தேகப்படுவார்கள்.

கடுதாசி மேசையில் இருக்கிறது.

14 ஜூலை

ஜூடித் அம்மா பெங்களூருக்குத் தங்கையிடம் போய்விட்டார். டியூக்கை யாரும் வாங்கவில்லையாம். டாக்டரிடம் விட்டுப் போயிருக்கிறார். பங்கஜம் சொன்னாள். “கடுதாசி போட்டீங்களா?” என்று கேட்கவில்லை. மேசையைத் துடைக்கிறவள் அவள்தான்.

30 ஜூலை

மூக்கம்மா லயத்துக்கே, தோட்ட வேலைக்குப் போய்விட்டாள். கம்பியைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது கடையில் பலகை அடுக்குக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் கிடக்கிறான். மூன்று காலில் எழுந்து நடக்கிறான், முழுச் சாப்பாடும் சாப்பிடுகிறான். வருகிறவர்கள் எல்லாரிடமும் போய் முகர்கிறான். ஆள் பயம் இல்லை. என்னிடமும் இல்லை.

இன்று மேனேஜர் ஒருவர் வந்து, “ஆறுக்குட்டி, நடந்ததை விடுங்க. அடுத்த வாரம் முந்நூறு பெட்டி வேணும்” என்றார். அளவைச் சரிபார்க்கக் கோலை எடுத்தேன். அதன் வெள்ளையை என்றைக்கோ சுரண்டிவிட்டேன். இருந்தும் மூலையில் கம்பி வயிற்றைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஈரலுக்காக வாயைக் கொஞ்சமாகத் திறந்தான்.

கோலை அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். இனிமேல் முடிச்சுப் போட்ட கயிற்றால் அளக்கச் சொல்லியிருக்கிறேன். “மழை நாள்ல கயிறு இழுத்துக்குமுங்க, அளவு தப்புமுங்க” என்கிறார்கள் ஆட்கள்.

தப்பட்டும்.