இருந்தது இருந்தபடியே

ஜனவரி 11

மதிப்பிற்குரிய குடியிருப்பவருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டு விஷயத்தைப் போனில் பேசி முடிக்காமல் எழுதிக் கேட்டதற்கு நன்றி. நான் படித்த கான்வென்ட்டில், எழுதத் தெரிந்தவள் கத்த வேண்டியதில்லை என்று சொல்லிக்கொடுத்தார்கள். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறேன்.

என் சமையலறை இருட்டாக இருக்கிறது, கதவுகளில் பாலிஷ் உரிகிறது, சுவர் ஓடுகளில் பிசுக்கு ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் நாற்பது வருடம் சமைத்திருக்கிறேன். சாப்பிட்டவர் யாரும் குறை சொன்னதில்லை. ஆனாலும், ஆள் வைக்க வசதியில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கணவருமாகச் சரிசெய்துகொள்கிறோம் என்று நீங்கள் கேட்பதை மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் சில நிபந்தனைகள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. துளை போடக் கூடாது. அலமாரிக் கதவுகளுக்கு வர்ணம் பூசக் கூடாது. அவை தேக்கு என்று சொல்லி என் கணவர் வாங்கியவை. தேக்குதானா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அவர் இல்லாத காலத்தில் அதைக் கிளறுவது முறையல்ல. காலி செய்யும்போது இருந்தது இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நினைவிருக்கட்டும்.

அலமாரிக்குச் சின்ன ரகரம். உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் பெரிய றகரம் போட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்


பிப்ரவரி 23

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். அலமாரியைத் திருத்திக்கொண்டேன். எழுத்தில் திருத்திவிட்டேன், இப்போது நிஜத்திலும் திருத்தியாயிற்று.

உங்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், "ஆணியும் இல்ல, பெயிண்டும் இல்லன்னா, பாட்டுப் பாடியா கிச்சனை மாத்துறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஒரு வாரம் யோசித்தார். நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் பழைய வரவேற்பு மேஜையைப் பிரித்துப் போட்டார்கள். நல்ல வெள்ளைப் பலகைகள். டாக்டரிடம் கேட்டேன், எடுத்துப் போ என்றார். உங்கள் கதவுகளைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, எது எந்த இடம் என்று எழுதி ஒட்டிப் பரணில் வைத்துவிட்டோம். எங்கள் பலகைகளை உங்கள் பழைய கீல்களில், பழைய துளைகளிலேயே மாட்டியிருக்கிறோம். புதிதாக ஒரு துளைகூட இல்லை. கைப்பிடிக்குப் பழைய இடுப்பு பெல்ட்டுகளை வெட்டி மடித்து வைத்தோம்.

சுவர் ஓடுகளின்மேல் உரித்தெடுக்கிற ஒட்டுத்தாள். முதல் தாள் முழுக்கக் கொப்புளம். அம்மை போட்ட முகம்போல இருந்தது. இவர் பஸ் ஓட்டுகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். "அம்பது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டத் தெரியுது, ஒரு தாளை ஒட்டத் தெரியல பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சோப்புத் தண்ணீர் தெளித்து, பழைய ஸ்கேலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனால் படிகிறது என்று கண்டுபிடித்தோம். மேல் தட்டின் அடியில் பட்டை விளக்கு ஒட்டியிருக்கிறோம். அடுப்புக்கு நேர் மேலே. உங்கள் பழைய பல்பையும் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

போட்டோ பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தாலும் எழுதியே திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் குடித்தனக்காரி


மார்ச் 14

அன்புள்ள பெண்ணுக்கு,

இனி 'நீ' என்றே எழுதுகிறேன். என் மகனைவிட நீ சின்னவள்.

படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீழ்வரிசையில் இடது ஓரக் கதவு ஒரு நூல் இறங்கியிருக்கிறது. மேல் கீலின் திருகை அரைச் சுற்று முடுக்கச் சொல். மற்றபடி குறை இல்லை. இதை நான் சுலபத்தில் யாரிடமும் சொல்வதில்லை என்பதை உன் வீட்டுக்காரரிடமும் சொல்.

மூன்றாவது படத்தில் அடுப்பின்மேல் வெளிச்சம் விழுகிறதே, அதை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். அந்த அறையில் பல்பு எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் எரியும். அடுப்பின் முன்னால் நின்றால் என் நிழல் வாணலியில் விழும். வெங்காயம் சிவந்ததா கருகியதா என்று மூக்கால்தான் தெரிந்துகொள்வேன். முன்பக்கம் ஒரு விளக்கு போடச் சொல்லி என் கணவரிடம் ஒருமுறை கேட்டேன். "நல்லாத்தானே சமைக்கிற, அப்புறம் எதுக்கு வெளக்கு?" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மறுபடி கேட்கவில்லை.

இங்கே மகன் வீட்டில் சமையலறை விளம்பரத்தில் வருவதுபோல இருக்கும். மருமகள் நல்லவள். "நீங்க உட்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே என்னை அந்த அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டாள். சண்டை போடுகிறவளாக இருந்தால் ஜெயித்திருப்பேன். மரியாதை கொடுக்கிறவளிடம் என்ன செய்ய முடியும்?

அந்த விளக்கு சூடாகுமா? அடுப்பு எரியும்போது, அடுப்புக்கு முன்னால் நான் நிற்கிற இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புவாயா?

அன்புடன்,
வீட்டுக்காரம்மா


ஏப்ரல் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

கேட்ட படம் இத்துடன். விளக்கு சூடாவதில்லை. இடது ஓரக் கதவும் நேராகிவிட்டது, அரைச் சுற்றுதான்.

படத்தில் வெளிச்சம் பாதிகூடத் தெரியவில்லை அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்றைக்கு நீங்கள்தான் சமைக்க வேண்டும், நாங்கள் சாப்பிடுகிறோம். உட்காருங்கள் என்று சொல்ல மாட்டேன். என் மகள் இப்போதே கேட்கிறாள், "அந்தத் தப்பு கண்டுபிடிக்கிற பாட்டி எப்ப வருவாங்க?" என்று. அவள் பள்ளியும் பக்கத்துத் தெருவாக அமைந்துவிட்டது. இவர் டிப்போவுக்கு நடந்தே போகிறார். நான்கு வீடு மாறியதில் இந்த வீட்டில்தான் மூட்டைகளை முழுதாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் குடித்தனக்காரி


மே 2

மதிப்பிற்குரிய குடியிருப்பவருக்கு,

என் மகன் சில குடும்பக் காரணங்களால் அந்த வீட்டைத் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறான். இதில் நான் தலையிடுவதற்கில்லை. ஒப்பந்தத்தில் கண்டபடி அடுத்த மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சமையலறையில் நீங்கள் செய்திருப்பவற்றைக் கழற்றும் சிரமம் வேண்டாம். அப்படியே விட்டுச் செல்லலாம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்


ஜூன் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நாளை காலை வண்டி வருகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது உங்களுக்குத்தான் ஏதோ கஷ்டம் என்று நினைத்தோம். இவர்கூட, "பாவம், மகன் பேச்சைத் தட்ட முடியல போல" என்றார். இந்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் வீட்டைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். காபி சாப்பிட்டார். சமையலறை வாசலில் நின்று, "ஓ, இதுதானா அது? எனக்கு இந்த வீடு எதுக்குங்க? அம்மாதான் இங்க வந்து தனியா இருக்கேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டே திரியிறாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கழற்றும் சிரமம் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். சிரமம் எதுவும் இல்லை அம்மா. எல்லாம் கழற்றுகிற மாதிரிதானே செய்தோம், நீங்கள் சொன்னபடி. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. உங்கள் கதவுகளைத் துடைத்து, எழுதி ஒட்டியிருந்த வரிசைப்படியே மாட்டிவிட்டோம். தாளை உரித்த இடத்தில் பசையையும் தேய்த்து எடுத்துவிட்டேன். இருந்தது இருந்தபடியே இருக்கிறது. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதவி வேண்டும். கேட்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் வேறு வழியில்லை. புது வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர், முன்பிருந்த வீட்டிலிருந்து எங்களைப் பற்றி இரண்டு வரி எழுதி வாங்கி வரச் சொல்கிறார். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் வருவதாக இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கலாம் என்று நாலு புதுத் தட்டுகள் பார்த்து வைத்திருந்தேன். மூன்று வாங்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
குடியிருந்தவள்


ஜூலை 9

அன்புள்ள பெண்ணுக்கு,

இப்படி அழைக்க எனக்கு இனி உரிமை இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். வேறு விதமாக எழுதக் கை வரவில்லை.

போன வாரம் மகனும் மருமகளும் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். நேராகச் சமையலறைக்குத்தான் போனேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகன் ஸ்விட்சைப் போட்டான். பழைய பல்பு என் முதுகுக்குப் பின்னால் எரிந்தது. அதைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து மாட்டியிருக்கிறாய். "என்னம்மா, போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே?" என்று மகன் கேட்டான். மருமகள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல், "பெட்டியை உள்ளே வைங்க" என்று அவனை அனுப்பிவிட்டாள். அவள் எனக்குக் கொடுத்துவந்த மரியாதையின் அளவு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். என் குணம் உனக்குத் தெரியும். ஒரு துளை, ஒரு பசைக்கறை, இடம் மாறிய ஒரு கதவு கிடைக்காதா என்று தேடினேன். உன்மேல் கோபப்பட ஒரு கீறல்கூடக் கிடைக்கவில்லை. வளைந்திருந்த கொக்கியை வளைந்தபடியே விட்டிருந்தாய். இடது ஓரக் கதவை மட்டும் நேராக மாட்டியிருந்தாய். அது முன்பும் இறங்கித்தான் இருந்தது, என் காலத்திலேயே. அதற்கு நான் உன்னைக் குறை சொன்னேன்.

மகன் பெயரைப் போட்டு எழுதியது பொய். அதை நீ என்னிடம் கேட்கவில்லை, நடந்ததை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டாய். அந்த வெளிச்சத்தில் நின்று சமைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. 'எனக்கு வேண்டும்' என்று எழுத வெட்கமாக இருந்தது. மகனுக்கு என்று எழுதினால் அந்த வெட்கம் இருக்காது என்று நினைத்தேன். ஒரு சின்ன வெட்கத்துக்குப் பயந்து இதைத் தேடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வா என்று நீ அழைத்திருந்தாய். வந்திருந்தால் போதும். வந்து நின்று, சமைத்து, சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். அழைக்கிற இடத்துக்கு விருந்தாளியாகப் போக எனக்குத் தெரியவில்லை. சொந்தமாக இருந்தால்தான் நிற்பேன் என்ற புத்தி.

கடைக்குப் போய் நானும் ஒரு பட்டை விளக்கு வாங்கி வந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தட்டின் அடியில் ஒட்டினேன். மறுநாள் காலையில் குழம்புச் சட்டிக்குள் கிடந்தது. பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் விழும் என்று இப்போது தெரிகிறது. இன்னும் திரும்ப ஒட்டவில்லை. பழைய பல்பிலேயே சமைக்கிறேன்.

உங்களைத் திரும்ப வரச் சொல்ல மாட்டேன். மூட்டைகளை இன்னொரு முறை கட்டச் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் போய்விடவில்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதும் இல்லை.

நீ கேட்ட இரண்டு வரி உள்ளே இருக்கிறது. உறையை ஒட்டவில்லை. படித்துப் பார்த்து, சரியென்றால் கொடு.

வீட்டுக்காரம்மா


மதிப்பிற்குரிய ஐயா,

இவர்கள் என் வீட்டில் குடியிருந்தார்கள். வாங்கியது வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தார்கள். இவர்களைக் காலி செய்யச் சொன்னதற்கு இவர்கள் பக்கம் ஒரு காரணமும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். இவர்களை ஆணி அடிக்க விடுங்கள்.

இப்படிக்கு,
முந்தைய வீட்டுக்காரி