யேசுவின் தம்பிமார்

ஞாயிறு இரவு.

மகள் ரோசியின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க நானும் மனைவி பிலோமினாவும் இன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போனோம். நாங்கள் கத்தோலிக்கர், மாப்பிள்ளை வீட்டார் மெதடிஸ்த சபை. தேநீர் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பிலோமினாவின் கழுத்திலிருந்த மாதா பதக்கத்தைப் பார்த்துச் சம்பந்தியம்மா மெல்லத் தொடங்கினார்.

"இயேசுவுக்குத் தம்பிமார் இருந்தவை எண்டு வேதத்திலயே கிடக்கு. பிறகு என்னெண்டு மரியாளைக் கடைசிவரைக்கும் கன்னி எண்டுறியள்?"

சம்பந்தம் இதோடு முறிந்தது என்றே நினைத்தேன். பிலோமினா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சம்பந்தியம்மாவின் அருகில் இருந்தவரைக் காட்டினாள்.

"உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறவர் ஆர்?"

"என்ட தம்பி."

"கூடப் பிறந்தவரோ?"

"இல்லை, சித்தியின்ட மகன்."

"அப்ப யேசுவின்ட தம்பிமாரும் அப்பிடித்தான்."

சம்பந்தியம்மாவே சிரித்துவிட்டார். "உங்களோட கதைச்சு வெல்லேலாது" என்று பிலோமினாவின் தட்டில் இன்னொரு பற்றிஸை வைத்தார். அதன்பிறகு இருவரும் இருட்டும்வரை ஊர்க்கதை கதைத்தார்கள்.

பஸ் ஏறிய பிறகுதான் நாள் குறிக்கவேயில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டதிலிருந்து ரோசி எங்களோடு கதைக்கவில்லை. மாதாவைக் காப்பாற்றிய பிலோமினா நிம்மதியாகத் தூங்குகிறாள்.