மிட்டுவின் இரத்தப் பரிசோதனை

செவ்வாய், இரவு.

சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்காக இன்று பூனையைக் கூடையில் வைத்துப் புத்தளத்து மிருக டொக்டரிடம் கொண்டுபோனேன். மயக்க ஊசி போடுவதால் நேற்றிரவிலிருந்து மிட்டுவுக்குச் சாப்பாடு இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்க எனக்கும் சாப்பிட மனம் வரவில்லை. "பூனையையும் நோன்பு பிடிக்க வச்சிட்டீங்களா டீச்சர்?" என்று எங்களை ஏற்றிப்போன திரீவீல்கார நிஸாம் சிரித்தார்.

ஊசிக்கு முன் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். "நல்லா ஓடித் திரியிறான்தானே, எதுக்கு?" என்றேன். முடிவு வந்ததும் என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார்.

"கிட்னி ரெண்டும் பலவீனம் டீச்சர். பாக்காம மயக்கியிருந்தா எழும்பாமலே போயிருப்பான். முதல்ல அதுக்கு மருந்து செய்வம். பல்லு பொறகு."

வீட்டுக்கு வந்து மீனை அவித்து, முள் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கத்தால் மட்டும் மென்று தின்றான். கொழும்பிலிருக்கும் மகளுக்கு அழைத்துச் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ், தப்பிட்டான்தானே உம்மா. பொறகென்ன?"

உண்மைதான். ஆனால் வெறும் கூடையோடு வந்து கதவைத் திறந்திருந்தால் இந்த வீட்டில் யாரோடு கதைத்திருப்பேன் என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை.

மிட்டு இப்போது என் கால்மாட்டில் தூங்குகிறான். அவன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். விளக்கை அணைத்தால் அது தெரியாது.